விமானத்தின் மூக்கும் காற்றின் சுழலும்

1912ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25ஆம் நாள் இங்கிலாந்தில் சாலிஸ்பரிச் சமவெளியின் மேல் ஓர் இரட்டை இறக்கை விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் வில்ஃப்ரெட் பார்க் என்னும் கடற்படை அதிகாரி. அவர் வட்டமிட்டு இறங்கும்போது விமானம் வேகம் குன்றி, மூக்கு கீழாகி, பம்பரம்போல் சுழன்று விழத் தொடங்கிற்று. இவ்வாறு சுழலத் தொடங்கிய விமானத்திலிருந்து பிழைத்தவர்கள் அந்நாளில் அரியர். பார்க் தமக்குத் தெரிந்த உபாயங்களையெல்லாம் செய்து பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. தரை ஏறத்தாழ 50 அடி தூரத்தில் இருக்கையில், கடைசி முயற்சியாக, சுழற்சிக்கு எதிர்ப் பக்கமாகச் சுக்கானைத் திருப்பினார். சுழற்சி நின்றது, விமானம் நிமிர்ந்தது. அன்று கூடியிருந்தவர்கள் அதைக் கண்ணாரக் கண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் மாதம் வேறொரு விமான விபத்தில் பார்க் இறந்துபோனார் எனினும், அவர் கண்ட உபாயம் அவரோடு போய்விடவில்லை. சுழன்று விழும் விமானத்தை எதிர்ச் சுக்கான் கொடுத்து மீட்பது என்பது பின்னர் விமானிகளின் பாலபாடமாயிற்று.

இந்த நிகழ்ச்சியை முதலில் சொல்லக் காரணம் உண்டு. சுக்கான் விமானத்தின் வாலில் இருப்பது. வாலுக்கு நல்ல காற்று கிடைத்தால்தான் அது வேலை செய்யும். பார்க்குக்குப் பின் சுமார் அரை நூற்றாண்டு கழித்து, வாலுக்கு நல்ல காற்றே கிடைக்காத நிலையில் பறக்க நேர்ந்த விமானங்கள் தோன்றின. அப்போது விமானியைக் காப்பது எது? அதற்கு விடை தேடிப் புறப்பட்டவர்கள் வாலை விட்டு மூக்குக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

விமானத்தை நோக்கி வரும் காற்றுக்கும் விமானத்தின் உடல் நோக்கும் திசைக்கும் இடையே உள்ள கோணத்தைத் தாக்குகோணம் என்பார்கள். சாதாரணப் பயண விமானத்தில் அது சில பாகைகளே இருக்கும். கோணம் கூடக்கூட இறக்கையின் தூக்குவிசையும் ஓர் எல்லை வரையில் கூடும். அந்த எல்லையைத் தாண்டினால் இறக்கையின் மேற்புறத்தைத் தழுவிச் சென்ற காற்று அதை விட்டுப் பிரிந்துவிடும், தூக்குவிசை சரியும். ஜெர்மனியில் மிதவை விமானங்களில் பறந்து பறந்து பழகிய ஓட்டோ லிலியந்தால் 1896இல் உயிர் நீத்தது இப்படித்தான். அவருடைய விமானம் காற்றில் மூக்கு நிமிர்ந்து நின்று, பின் விழுந்தது. அடுத்த நாள் அவர் பெர்லினில் இறந்தார்.

காற்று ஏன் பரப்பை விட்டுப் பிரிகிறது என்பதை முதலில் தெளிவாகச் சொன்னவர் லூட்விக் பிராண்டில். 1904ஆம் ஆண்டு ஹைடல்பர்க் நகரில் கூடிய கணித அறிஞர் மாநாட்டில் அவர் ஒரு சிறு கட்டுரை படித்தார். பரப்பை ஒட்டிய மிக மெல்லிய படலத்தில் மட்டுமே காற்றின் பிசுபிசுப்பு பெரிதாகச் செயல்படுகிறது என்றும், அந்தப் படலம் சோர்ந்து வேகமிழக்கும் இடத்தில் ஓட்டம் பரப்பை விட்டு விலகிச் சுழல்களாகிறது என்றும் அவர் காட்டினார். அச்சில் சில பக்கங்களே வரும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் இன்றைய காற்றியக்கவியல் முழுதும் கிளைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

பிராண்டிலிடம் கியோட்டிங்கனில் கார்ல் ஹீமென்ஸ் என்றொரு மாணவர் ஆராய்ச்சி செய்துவந்தார். நீரோட்டத்தின் குறுக்கே ஓர் உருளையை நிறுத்தி, அதைச் சுற்றியுள்ள அழுத்தத்தை அளப்பது அவருக்கு இட்ட பணி. ஓட்டம் ஒரு நிலையில் நிற்கவில்லை; இப்பக்கமும் அப்பக்கமுமாக ஆடியது. உருளை சரியான வட்டமாக இல்லை போலும் என்றார் ஆசிரியர். மாணவர் அதை மேலும் செம்மையாகக் கடைந்தார். மீண்டும் ஆடியது. நீர் ஓடும் கால்வாய் இருபுறமும் ஒத்திருக்கவில்லையோ என்று அதையும் செப்பனிட்டார். மீண்டும் ஆடியது. அங்கே உதவியாளராயிருந்த தியோடர் வான் கார்மான் நாள்தோறும் காலையில் அவரைக் கண்டு, ஓட்டம் நிலைப்பட்டதா என்று விசாரிப்பாராம். இல்லை என்று வருத்தத்தோடு விடை வருமாம். இவ்வளவு பிடிவாதமாக ஆடுகிறதென்றால் அதற்குள்ளேயே ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று கார்மான் நினைத்தார். கணக்கிட்டுப் பார்த்து, உருளைக்குப் பின்னே இரு வரிசைகளில் எதிரெதிராக ஒத்து நிற்கும் சுழல்கள் நிலைக்கமாட்டா, ஒன்றுவிட்டு ஒன்றாக மாறிமாறி நிற்பவையே நிலைக்கும் என்று 1911இல் நிறுவினார். அந்தச் சுழல் வரிசைக்குக் கார்மானின் பெயர் நிலைத்துவிட்டது. உருளையை மீண்டும் மீண்டும் கடைந்த ஹீமென்ஸின் பொறுமைக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஆற்றில் ஊன்றிய மூங்கிற்கழி நடுங்குவதைப் படகுத்துறையில் நின்று பார்த்தவர்கள் அதே இயல்பைக் கண்டவர்களே.

இது விமானத்தின் மூக்குக்கு எப்படிப் பொருந்தும்? 1951இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜூலியன் ஆலன், எட்வர்டு பெர்க்கின்ஸ் என்னும் இருவர் இதை விளக்கினார்கள். அவர்கள் சொன்னதை நான் இவ்வாறு சொல்லிப் பார்க்கிறேன். ஆகாயத்தில் ஒரு மெல்லிய தாளை அசையாமல் நிறுத்தியிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூக்கை உயர்த்திக்கொண்டு வரும் விமானம் அந்தத் தாளைத் துளைத்துச் செல்கிறது. முதலில் மூக்கின் முனை தாளில் ஒரு புள்ளியாகத் தோன்றும். விமானம் மேலும் மேலும் உட்புக, புள்ளி வட்டமாகப் பெருகும். உடல் சாய்ந்திருப்பதால் அந்த வட்டம் நின்ற இடத்தில் நில்லாமல் தாளின் மேல் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். அதாவது, நின்ற நீரில் ஓர் உருளையைத் திடீரென்று இழுத்தாற் போன்ற நிலை. இழுத்த முதற்கணத்தில் உருளையின் பின்னே இரண்டு சுழல்கள் ஒத்த அளவில் தோன்றும். சற்று நேரம் சென்றால் ஒன்று வளர்ந்து பிரிந்து செல்ல, மற்றது உருளையை ஒட்டியே நிற்கும். ஹீமென்ஸின் கால்வாயில் நேரம் செல்லச் செல்ல நிகழ்ந்தது இங்கே மூக்கின் நீளத்தில் பின்னோக்கிப் போகப்போக நிகழ்கிறது. காலம் அங்கே, தூரம் இங்கே, அவ்வளவுதான் வேற்றுமை.

ஆகவே கூரிய நீண்ட மூக்கு காற்றில் நிமிர்ந்து நின்றால், அதன் முதுகின் மேல் இரண்டு சுழல்கள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு பின்னோக்கி ஓடும். கோணம் குறைவாயிருக்கும் வரை அவை இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்திருக்கும். கோணம் ஓர் அளவைத் தாண்டினால் ஒன்று மூக்கின் தோலை நெருங்கிப் படியும், மற்றது விலகி மேலெழும். நெருங்கிய சுழலின் கீழே அழுத்தம் மிகவும் குறைவு. மூக்கு அந்தப் பக்கமாக இழுபடும். விமானி எதையும் தொடவில்லை. காற்றும் நேரே எதிரில்தான் வருகிறது. ஆயினும் விமானம் பக்கவாட்டில் திரும்புகிறது!

எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான் வியப்புக்குரிய செய்தி. 1970களில் காற்றுச் சுரங்கங்களில் கூம்பு வடிவ மாதிரிகளை வைத்து ஆராய்ந்தபோது, சில கூம்புகளில் பக்கவிசை தூக்குவிசையோடு ஒப்பிடத்தக்க அளவுக்கே வளர்ந்தது. அதன் திசை எதனால் தீர்மானமாகிறது என்று தேடினார்கள். கூம்பின் முனையை மட்டும் அதன் அச்சில் சற்றே திருப்பினால், இடப்பக்கம் இழுத்த விசை வலப்பக்கம் தாவியது. முழுச் சமச்சீர் உடையது என்று கடைந்தெடுத்த முனையிலேயே கண்ணுக்குப் புலனாகாத ஒரு சிறு கோணல், ஒரு கீறல், ஒரு தூசி இருந்தாலும் போதும். அது சுழல்களுள் எது முந்தவேண்டும் என்பதை முடிவு செய்துவிடும். ஹீமென்ஸ் எவ்வளவு கடைந்தாலும் ஆட்டம் நிற்காததற்கும், இங்கே எவ்வளவு கடைந்தாலும் பக்கவிசை மறையாததற்கும் மூலம் ஒன்றே. ஒத்த நிலை இங்கே நிலையற்ற நிலை. அதைக் கலைப்பதற்கு இயற்கை ஒரு சாக்கை மட்டுமே தேடுகிறது.

இனிப் போர் விமானத்தின் நிலையைப் பாருங்கள். ஒலியைவிட வேகமாகப் பறக்கவேண்டி மூக்கு கூர்மையாயிற்று, நீண்டது, இறக்கை குறுகியது. 1960களிலும் 1970களிலும் ஆகாயச் சண்டையில் எதிரியை நோக்கி மூக்கைத் திருப்ப விமானிகள் கோணத்தை மேலும் மேலும் கூட்டினர். கோணம் கூடினால் இறக்கையிலிருந்தும் உடலிலிருந்தும் பிரிந்த கலங்கிய காற்றில் வால் மூழ்கிவிடும். பார்க்கைக் காப்பாற்றிய சுக்கான் அங்கே செத்த சுக்கான். அதே வேளையில், ஈர்ப்பு மையத்திலிருந்து வெகுதூரம் முன்னே நீண்டிருக்கும் மூக்கோ நெம்புகோலின் நுனிபோல் வலிமை பெற்றிருக்கிறது. வீட்டின் காவல்காரன் தூங்கும் நேரத்தில் வாயிற்கதவு தானே திறந்து மூடுவதைப் போன்ற நிலை இது. இவ்வகையில் கட்டுப்பாடு இழந்து சுழன்று விழுந்த விமானங்கள் பல. விமானிகளும் பலர் மாண்டனர். காற்றுச் சுரங்கத்து ஆராய்ச்சியாளர்கள் முனையிலுள்ள தூசியைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டதற்குக் காரணம் இதுவே.

முதலில் தோன்றிய பரிகாரம் மூக்கின் வடிவத்தையே மாற்றுவது. நார்த்ராப் நிறுவனத்தின் எஃப்-5 விமானத்தின் பிற்கால உருவங்களில் மூக்கை உருண்டையாக விடாமல், சுறாமீனின் தலைபோல் மேலும் கீழும் தட்டையாக்கி அகலமாக்கினார்கள். 1982இல் முதன்முதல் பறந்த எஃப்-20 விமானமும் அவ்வாறே. பக்கங்கள் ஓரமாக ஒடுங்கினால் காற்று எங்கே பிரியவேண்டும் என்பதை வடிவமே கட்டளையிட்டுவிடும். சுழல்களுக்குத் தம் விருப்பம்போல் நடக்க இடம் குறையும்.

ஆனால் சிலர் வேறு விதமாகச் சிந்தித்தார்கள். தூசியளவு குறை ஒன்று ஒரு விமானத்தைத் திருப்பும் என்றால், நாமே வேண்டும்போது அத்தகைய ஒரு சிறு தூண்டுதலைக் கொடுத்து நாம் விரும்பிய பக்கம் திருப்பலாகாதா? தொல்லையையே சுக்கானாக்கிக்கொள்ளலாகாதா? இந்தக் கேள்வி பிறந்த பிறகுதான் ஆராய்ச்சி தற்காப்பு நிலையை விட்டு முன்னேறியது என்பேன்.

இதற்குச் சுரங்கத்துச் சிறு மாதிரிகள் போதா. மாதிரியின் அளவு சிறிதானால் எல்லைப்படலம் பெரிய விமானத்தில் நடப்பதுபோல் நடவாது. ஆகவே நாசா நிறுவனம், கடற்படையிடமிருந்து பெற்ற ஒரு எஃப்-18 விமானத்தை இதற்கென்றே ஒதுக்கியது. பல உறுப்புகள் கழற்றப்பட்டுக் கிடந்த அதை மீண்டும் பூட்டிச் சேர்த்து, 1987இல் கலிபோர்னியப் பாலைநிலத்தின் எட்வர்ட்ஸ் விமானத்தளத்தில் பறக்கவிட்டார்கள். அதைப் பறக்கவிட்ட டிரைடன் ஆராய்ச்சி நிலையம் 2014 முதல் ஆம்ஸ்டிராங் என்னும் பெயரில் வழங்குகிறது.

காற்றைக் கண்ணால் காண அவர்கள் கையாண்ட முறைகளைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. மூக்கைச் சுற்றி வரிசையாகச் சிறு துளைகள் இட்டு அவற்றின் வழியே சாயம் கலந்த திரவத்தைக் கசியவிட்டார்கள். விமானி குறித்த கோணத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் விமானத்தை நிறுத்திப் பறக்கவேண்டும். அதற்குள் திரவம் காற்று ஓடிய வழியே கோடு கோடாகப் படர்ந்து உலர்ந்துவிடும். தரையிறங்கியதும் அதைப் படமெடுப்பார்கள். இறக்கையின் முன்நீட்சியிலிருந்து எழும் சுழல்களில் வெண்புகையை விட்டு அவை எங்கே சிதறுகின்றன என்று பார்த்தார்கள். விமானத்தின் முதுகில் சிறு நூற்குஞ்சங்களை ஒட்டினார்கள். காற்று தழுவிச் செல்லும் இடத்தில் அவை படிந்து கிடக்கும், பிரிந்த இடத்தில் தலைகீழாகத் துடிக்கும். கோடிக்கணக்கான பணம் செலவிட்ட ஆராய்ச்சியில் நூற்குஞ்சமும் சாயமும் இவ்வளவு பெரிய பங்கு பெற்றதைப் படித்தபோது, பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையில் காசில்லை என்று குறைப்பட்டுக்கொள்வோரை நினைத்துச் சிரித்தேன்.

முதற்கட்டத்தில் அந்த விமானம் 55 பாகை வரை சென்றது. அடுத்த கட்டத்தில், 1991 முதல், ஒவ்வொரு பொறியின் வாயிலும் மூன்று உலோகத் துடுப்புகளைப் பொருத்திப் பொறியின் புகைத்தாரையையே திருப்பினார்கள். அதனால் சுமார் 70 பாகையிலும் கட்டுப்பாட்டோடு பறக்க முடிந்தது. 1989இல் பாரிஸ் நகரின் விமானக் காட்சியில் விக்டர் புகச்சேவ் என்னும் சோவியத் விமானி தம் சுகோய்-27 விமானத்தின் மூக்கைச் செங்குத்துக்கும் அப்பால் உயர்த்திக் காட்டி உலகை வியக்கவைத்தது உண்மை. ஆனால் அது சில விநாடி வித்தை. அந்தக் கோணத்திலேயே தங்கி வேண்டிய பக்கம் திரும்புவது வேறு.

இதற்கிடையே 1992இல் எக்ஸ்-29 என்னும் விசித்திர விமானத்தில் மூக்குச் சுழலை ஊதித் திருப்பும் சோதனை நடந்தது. இறக்கைகள் முன்னோக்கிச் சாய்ந்த விமானம் அது. அதன் முன்பகுதியோ ஒரு பழைய எஃப்-5 விமானத்திலிருந்து எடுத்தது. அமெரிக்க விமானப்படை அதில் உயரழுத்த நைட்ரஜன் வாயு அடைத்த இரு கலங்களை வைத்து, மூக்கின் மேற்பக்கத்தில் இடமும் வலமுமாக இரு சிறு துவாரங்கள் அமைத்தது. ஒரு பக்கத் துவாரத்தால் ஊதினால் அப்பக்கச் சுழல் மூக்கோடு ஒட்டி வலுப்பெறும்; மூக்கு அப்பக்கம் திரும்பும். மே மாதம் முதல் ஆகஸ்டு வரை 60 முறை பறந்து பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிட நல்ல பலன் கிடைத்தது. அதிலும் சுக்கான் செயலிழக்கும் பெருங்கோணங்களில். ஆனால் காற்று பக்கவாட்டில் வரும்போது அது அவ்வளவாக உதவவில்லை. விமானம் இடமும் வலமுமாக உருண்டு ஆடுவதையும் அது அடக்கவில்லை. இந்தக் குறைகளையும் வெற்றியோடு சேர்த்தே அவர்கள் வெளியிட்டார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவும் ஜெர்மனியும் கூடிச் செய்த எக்ஸ்-31 விமானம், சுழலின் கொடுமையை நேரில் காட்டியது. பெருங்கோணத்தில் அது திடீர் திடீரென்று பக்கவாட்டில் துள்ளியது. மூக்கிலும் அதன் முன்கோலிலும் அரை அங்குல அகலத்தில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பட்டைகளை ஒட்டினார்கள். துள்ளல் ஓரளவு ஒழுங்குபட்டது. ஆனால் இரண்டாம் விமானத்தில் தொல்லை தீரவில்லை. ஒருமுறை 60 பாகைக் கோணத்திலிருந்து குப்புறத் திரும்பி இறங்கும்போது விமானம் விமானியின் கட்டுப்பாட்டை மீறிவிட்டது. பிறகு லாங்லி ஆராய்ச்சி நிலையத்தின் காற்றுச் சுரங்கத்தில் ஆராய்ந்து, மூக்கின் நுனியைச் சற்றே மழுக்கி, பக்கங்களில் 20 அங்குல நீளமும் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த அகலமும் உள்ள மெல்லிய தகடுகளை வைத்தார்கள். அதன்பின் அடங்கிற்று. இத்தனை பெரிய விமானத்தை அடக்க விரலகலத் தகடு போதுமாயிருந்தது.

எஃப்-18 சோதனையின் மூன்றாம் கட்டம் 1995இல் தொடங்கியது. மூக்கின் இரு பக்கங்களிலும் 4 அடி நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள இரு தகடுகளைக் கீல் வைத்துப் பொருத்தினார்கள். கோணம் குறைவாயிருக்கையில் அவை மூக்கின் தோலோடு தோலாய்ப் படிந்திருக்கும். கோணம் கூடினால் கதவுபோல் விரியும். இதில் ஓர் இடையூறு முன்னமே தெரிந்திருந்தது. ஒரு தகட்டை மட்டும் சிறிதளவு திறந்தால் மூக்கு எதிர்பார்த்த பக்கத்துக்கு மாறாகத் திரும்பியது. மேலும் திறந்தால்தான் சரியான பக்கம் வந்தது. சிறிது திருப்பினால் இடம், அதிகம் திருப்பினால் வலம் என்று போகும் வண்டியை யார் ஓட்டுவது? எனவே இரண்டு தகடுகளையும் முதலில் ஓரளவு சேர்த்தே திறந்து வைத்து, அந்நிலையிலிருந்து ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்கும்படி கணிப்பொறிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். விமானி வழக்கம்போல் மிதிகட்டையை மிதித்தால் போதும். சுக்கானா, துடுப்பா, மூக்குத் தகடா, எது எவ்வளவு செய்யவேண்டும் என்பதைக் கணிப்பொறி பகிர்ந்தளிக்கும். தாழ்ந்த கோணத்தில் சுக்கான் செய்வதைப் பெருங்கோணத்தில் இந்தத் தகடுகள் செய்ய வல்லவை என்று சுரங்கத்துச் சோதனைகள் முன்னமே காட்டியிருந்தன. அதை ஆகாயத்தில் சோதித்துப் பார்த்தபின், 385 முறை பறந்து முடித்து, 1996இல் அந்த விமானம் ஓய்வு பெற்றது.

இவ்வளவும் செய்த பின்னர் போர் விமானங்களெல்லாம் மூக்குத் தகடு பூண்டுவிட்டனவா என்று நேயர்கள் கேட்கலாம். இல்லை. மூக்கினுள் இருப்பது ராடார். அதன் முன்னே அசையும் உறுப்புகளையும் வாயுக் குழாய்களையும் வைக்க யாரும் எளிதில் இசையமாட்டார்கள். பொறியின் தாரையைத் திருப்பும் வழி இன்னொரு புறம் முந்திக்கொண்டது. எனினும் அந்த ஆராய்ச்சி தந்த அறிவு மூக்கின் வடிவத்தில் தங்கியிருக்கிறது. 1997இல் முதன்முதல் பறந்த எஃப்-22 விமானத்தின் மூக்கைப் பாருங்கள்: உருண்டையாக இராமல் இரு பக்கங்களிலும் கூரிய விளிம்போடு தோன்றும். ராடாருக்குப் புலப்படாமை அந்த விளிம்புக்கு ஒரு காரணம். காற்று இரு பக்கமும் ஒரே இடத்தில் பிரிந்து சுழல்கள் ஒத்துப் பிறப்பது அதனால் விளையும் மற்றொரு நன்மை.

அந்த எஃப்-18 விமானம் இப்போது வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் நகரில், லாங்லி ஆராய்ச்சி நிலையத்துக்கு அருகே உள்ள ஒரு காட்சிச்சாலையில் வைக்கப்பட்டிருக்கிறது.